ஏ, பி, சி-க்கு பேர் வச்சவங்க

பொட்டி தட்டிப் பிழைக்கிற நம்மள மாதிரி ஆளுங்களுக்கு ஒரு சாபம் உண்டு. அடுத்தவன் எழுதி வச்சுட்டுப் போன கோடை உட்கார்ந்து வாசிக்கிறது. எழுதின ஆள் கம்பெனி மாறிப் போய் மூணு வருஷம் ஆகியிருக்கும். ஒரு வரி கமெண்ட் இருக்காது. 'டெம்ப்', 'டெம்ப்2', 'டெம்ப்2 நியூ'ன்னு வேரியபிளுக்குப் பேர் வச்சிருப்பார் அந்த மகராசன். மாசச் சம்பளம் வருதேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு அந்த ஆணியைப் புடுங்குவோம்.

இதே ஆணியைச் சம்பளம் இல்லாமல், யாரும் கேட்டுக்கொள்ளாமல், பதினைந்து வருஷம் புடுங்கின ஒரு கூட்டம் இருக்கு. அவங்களுக்கு 'டெம்ப்2' கூடக் கிடைக்கலை. கிடைச்சதெல்லாம் ஏ, பி, சி, டி தான். அதுவும் அவங்களே உடைச்சு எடுத்தது. மைன்கிராஃப்ட் விளையாட்டை டீகம்பைல் பண்ணி, உள்ளே பேரில்லாமல் கிடந்த கோடுக்கெல்லாம் ஒவ்வொண்ணா பேர் வச்சு, அதுக்கு மேல தங்களோட மாட்களைக் கட்டினவங்க. (மாட்னா பசு மாடு இல்லை சாமி. விளையாட்டை நம்ம இஷ்டத்துக்கு மாத்துற கூடுதல் நிரல். மைன்கிராஃப்ட்ல பசு மாடும் இருக்குங்கறது வேற விஷயம்.)

இந்த விளையாட்டு தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. 2009 மே மாசம் ஸ்வீடனைச் சேர்ந்த மார்கஸ் பெர்சன், இணையத்துல 'நாட்ச்'ங்கிற பேர்ல உலாவினவர், தனி ஆளா எழுதி வெளியிட்டது. கட்டம் கட்டமா கல், மண், மரம். வெட்டி எடுக்கலாம், வீடு கட்டலாம், ராத்திரி ஆனா வர்ற பூதங்களோட சண்டை போடலாம். அவ்வளவு தான் கதை. முழுசா வெளிவந்தது 2011 நவம்பர்ல. ஆனா அதுக்கு முன்னாடியே, 2011 ஜனவரிக்குள்ள 10 லட்சம் பிரதி வித்துடுச்சு. அரைவேக்காட்டு நிலையில இருக்கும்போதே!

ஆரம்ப காலத்துல நாட்ச் ஒரு வாக்கு கொடுத்திருந்தார். விற்பனை குறைஞ்சு, கொஞ்ச காலமும் போன பிறகு, மூலநிரலைத் திறந்த நிலையில வெளியிடுவேன்னு. நல்ல மனுஷன் தான். ஆனா விற்பனை குறையவே இல்லை. அங்க தான் சிக்கல் :)

மாவும் ரவையும்

நாட்ச் இதை ஜாவாவில் எழுதினார். இந்த முழுக் கதைக்கும் அது தான் அஸ்திவாரம். வேற மொழியில எழுதியிருந்தா இந்தப் பதிவே இல்லை.

சி, சி++ மாதிரி மொழியில எழுதினதைக் கம்பைல் பண்ணினா நேரா எந்திர மொழியாயிடும். அரிசியை நைசா அரைச்சு இட்லி மாவாக்கிற மாதிரி. அதுல இருந்து எது எந்த அரிசின்னு கண்டுபிடிக்கணும்னா நாக்கு தள்ளிடும். ஜாவா அப்படி அரைக்காது. ரவை பதத்துல நிறுத்திடும். பைட்கோடுன்னு ஒரு நடுநிலை வடிவம். அதை நம்ம கணினியில இருக்கிற ஜாவா எந்திரம் ஓடும்போது எடுத்து அரைச்சுக்கும். அப்படி அரைக்கணும்னா எந்தக் கிளாஸ் எந்த மெத்தடைக் கூப்பிடுதுன்னு அதுக்குத் தெரியணும். அந்த இணைப்பு பேரை வச்சுத் தான் நடக்குது. அதனால கிளாஸ் பேர், மெத்தட் பேர், ஃபீல்ட் பேர் எல்லாமே பைட்கோடுக்குள்ள பத்திரமா உட்கார்ந்திருக்கும். மெத்தடுக்குள்ள இருக்கிற சின்னச் சின்ன வேரியபிள் பேரும், கமெண்ட்டும் தான் போயிடும்.

அந்தக் காலத்துல 'ஜாட்'ன்னு ஒரு டீகம்பைலர் ரொம்பப் பிரபலம். பைட்கோடைக் கொடுத்தா, ஏறக்குறைய எழுதின மாதிரியே ஜாவாவைத் திருப்பிக் கொடுக்கும். பிறகு 'ஃபெர்ன்ஃபிளவர்' வந்தது. இது இன்னும் கெட்டிக்காரன். பின்னாடி இன்டெல்லிஜே ஐடியாவுக்குள்ளேயே போய் உட்கார்ந்துக்கிச்சு. உங்கள்ல பாதிப் பேர் தெரியாமலேயே தினம் பயன்படுத்திக்கிட்டு இருப்பீங்க.

இப்படி ரவை பதத்துல இருந்தா எவன் வேணா பிரிச்சுப் பார்த்துடுவானேன்னு கம்பெனிகளுக்குக் கவலை. அதுக்கு ஒரு வைத்தியம் உண்டு. 'புரோகார்டு'ன்னு ஒரு கருவி, 2002-ல் எரிக் லாஃபார்ச்சூன் வெளியிட்டது. தேவையில்லாததை வெட்டி எறிஞ்சு கோப்பைச் சின்னதாக்கும். கூடவே எல்லாப் பேரையும் அழிச்சிட்டு ஏ, பி, சி, தீர்ந்து போனா ஏஏ, ஏபி, ஏசின்னு வச்சிடும். ஜாவா எந்திரத்துக்குப் பேர் எதுவா இருந்தா என்ன, ஒரே மாதிரி இருந்தா சரி. விளையாட்டு அப்படியே ஓடும். படிக்கிற மனுஷனுக்குத் தான் கண்ணைக் கட்டிக் காட்டுல விட்ட மாதிரி இருக்கும். நாட்ச் இதைத் தான் பண்ணினார்.

ஜாவாவுல ஒரே பேர்ல பல மெத்தட் இருக்கலாம், உள்ளே வாங்குற சரக்கு வேற வேறயா இருந்தா போதும். அதனால ஒரே கிளாஸுக்குள்ள 'ஏ'ங்கிற பேர்ல பதினஞ்சு மெத்தட் இருக்கும். ஒரு ஏ ஆளை நகர்த்தும். இன்னொரு ஏ ஆளைக் கொல்லும். எந்த ஏ எதைச் செய்யுதுன்னு பேரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. ஊர்ல எல்லாருக்கும் முருகேசன்னு பேர் வச்சா தபால்காரர் என்ன பாடுபடுவாரோ அது தான்.

துப்பறியும் சாம்புகள்

2010-ல் 'சர்ஜ்'ங்கிற பேர்ல இயங்கின ஒரு ஜெர்மானியர் ஆரம்பிச்சது தான் மைன்கிராஃப்ட் கோடர் பேக். சுருக்கமா எம்சிபி. விளையாட்டை உடைச்சு, பேர் மாத்தி, திருத்தி, மறுபடி கம்பைல் பண்ணி ஓட வைக்கிறதுக்கான ஸ்கிரிப்டுகளோட மூட்டை.

டீகம்பைல் பண்ணினதை அப்படியே மறுபடி கம்பைல் பண்ண முடியாதான்னு கேட்பீங்க. முடியாது. ஜெனரிக்ஸ் தகவல் பெரும்பாலும் அழிஞ்சிருக்கும், லூப் எல்லாம் கோணலா வந்திருக்கும், சில இடத்துல டீகம்பைலர் கையை விரிச்சிட்டுப் பைட்கோடையே கக்கி வச்சிருக்கும். நூத்துக்கணக்கான எர்ரர். அதையெல்லாம் ஒவ்வொண்ணா கையால சரி பண்ணி, அந்தத் திருத்தங்களை மட்டும் பேட்ச் கோப்புகளா வச்சிருந்தாங்க எம்சிபிக்காரங்க. விளையாட்டுல புதுப் பதிப்பு வந்தா இந்தப் பேட்ச் எல்லாம் மறுபடி முதல்ல இருந்து.

ஆனா என்னைக் கேட்டா உண்மையான வேலை அது இல்லை. பேர் வைக்கிறது தான். நான் வியந்து போன இடமும் அது தான்.

புரோகார்டு எல்லாப் பேரையும் அழிக்கும், ஆனா அழிக்க முடியாதது மூணு உண்டு. ஜாவாவோட சொந்த நூலகப் பேர்கள், மேற்கோளுக்குள்ள இருக்கிற சொற்கள், எண்கள். இந்த மூணைக் கையில வச்சுக்கிட்டுத் தான் துப்பறியணும்.

ஒரு உதாரணம். விளையாட்டைச் சேமிக்கும்போது ஒவ்வொரு ஜீவராசியும் தன்னோட நிலைமையைக் கோப்புல எழுதும். எழுதும்போது ஒவ்வொண்ணுக்கும் ஒரு முகவரிச் சீட்டு ஒட்டணும். 'பொசிஷன்', 'மோஷன்', 'ஃபால் டிஸ்டன்ஸ்', 'ஃபயர்', 'ஏர்', 'ஆன் கிரவுண்ட்' மாதிரி. இந்தச் சீட்டெல்லாம் மேற்கோளுக்குள்ள இருக்கிற சொல், அழிக்க முடியாது. அப்போ 'ஃபால் டிஸ்டன்ஸ்'ன்னு சீட்டு ஒட்டி 'கே'ங்கிற வேரியபிளை எழுதுதுன்னா, அந்தக் 'கே' தான் எவ்வளவு உயரத்துல இருந்து விழுந்தோம்ங்கிற கணக்கு. அப்படியே அந்தக் 'கே'யை வேற யார் யார் தொடுறாங்கன்னு பார்த்துக்கிட்டே போனா, விழுந்தா அடிபடுற மெத்தட் மாட்டும். அங்கிருந்து உயிர் குறையுற மெத்தட் மாட்டும். ஒரு நூலைப் பிடிச்சா புடவையே வந்துடும்.

எண்களும் அப்படித் தான். ஓர் இடத்துல செங்குத்து வேகத்துல இருந்து 0.08 கழிச்சு, வந்ததை 0.98-ஆல் பெருக்குதுன்னா அது புவியீர்ப்பும் காத்துத் தடையும். திரி எரியுற சத்தத்தோட பேரைக் கூப்பிட்டு, 30 வரைக்கும் எண்ணி, அப்புறம் வெடிக்கிற கிளாஸ் ஒண்ணு இருக்குன்னா அது கிரீப்பர். விளையாட்டு விநாடிக்கு 20 தடவை துடிக்கும், 30 துடிப்புன்னா ஒன்றரை விநாடி. விளையாடினவங்களுக்கு அந்த ஒன்றரை விநாடியோட அருமை தெரியும். ஓடுறதுக்கு அவ்வளவு தான் நேரம்.

இன்னொரு தலைவலி. புதுப் பதிப்பு ஒவ்வொண்ணு வரும்போதும் புரோகார்டு சீட்டுக் குலுக்கி மறுபடி போடும். நேத்து 'ஜேஎன்'னா இருந்தது இன்னிக்கு 'கேபி'. நேத்து வரைக்கும் கண்டுபிடிச்ச பேரெல்லாம் வீண். இதுக்கு எம்சிபி ஒரு அருமையான வழி கண்டுபிடிச்சது. இடையில ஒரு எண். ஒரு மெத்தடை முதல் தடவை பார்க்கும்போதே அதுக்கு ஒரு வரிசை எண் கொடுத்துடுவாங்க, ஆதார் எண் மாதிரி. 'ஃபங்க் 70071 ஹெச்'னா அது எந்தப் பதிப்புல என்ன எழுத்தா மாறினாலும் அதே மெத்தட் தான். (ஒவ்வொரு துடிப்புக்கும் ஜீவராசியை இயக்குற மெத்தட் இது.) புதுப் பதிப்புல எது பழைய எதுன்னு பொருத்திப் பார்த்தா போதும். இந்த எண்களுக்குச் 'சர்ஜ் பேர்கள்'னே பேர் வந்துடுச்சு.

எண்ணுக்கு மேல தான் மனுஷன் படிக்கிற பேர். அது யார் வேணா வைக்கலாம். ஐஆர்சி அரட்டை அறையில ஒரு பாட் காத்துக்கிட்டு இருக்கும். 'இந்த எண்ணோட அர்த்தம் இது'ன்னு சொன்னா குறிச்சு வச்சுக்கும். உலகத்துல எங்கெங்கேயோ இருந்த பசங்க, பள்ளிக்கூட வீட்டுப்பாடத்தை விட்டுட்டு, ஒருத்தன் ஒரு மெத்தட், இன்னொருத்தன் ரெண்டு ஃபீல்டுன்னு பேர் வச்சுட்டுப் போனாங்க. 70071-க்கு 'ஆன் அப்டேட்'ன்னு வச்சாங்க. யார் வச்சான்னு இன்னிக்குப் பெரும்பாலானவங்களுக்குத் தெரியாது.

மெட்டா-இன்ஃப் வைபவம்

இந்தப் பக்கம் மாட் போடுறவங்க பாடு தனிக் கதை. 2010, 2011-ல் மாட் நிறுவுறதுன்னா இப்படி: ஜார் கோப்பை வின்ரார்ல திற. (ஜார்னா வேற ஒண்ணும் இல்லை, ஜிப் தான்.) மாட்ல இருக்கிற கிளாஸ் கோப்புகளை இழுத்து உள்ளே போடு. அப்புறம் 'மெட்டா-இன்ஃப்'ங்கிற ஃபோல்டரை அழி. அழிக்காம விட்டா கருப்புத் திரை தான். எல்லா வழிகாட்டிலயும் கொட்டை எழுத்துல போட்டிருக்கும், ஆனாலும் பாதிப் பேர் மறந்துடுவாங்க. அந்த ஃபோல்டர்ல ஒவ்வொரு கோப்புக்கும் கையெழுத்து இருக்கும். கோப்பு மாறினா கையெழுத்து பொருந்தாது, ஜாவா ஓட மாட்டேன்னு அடம் பிடிக்கும். அதனால கையெழுத்தையே தூக்கிடுறது. நம்மூர்ல தணிக்கை வருதுன்னா ஃபைலையே காணாமல் போகச் செய்யுற டெக்னிக் :)

ரெண்டு மாட் ஒரே கிளாஸை மாத்தினா? பின்னாடி போட்டது முன்னாடி போட்டதை அழிச்சிடும். ரிசுகாமிங்கிறவரோட மாட்லோடர் இதுக்கு ஓரளவு வழி சொன்னது. ஆனா பெரிய மாட்கள் வளர வளர அது பத்தலை. ரெட்பவர், பில்ட்கிராஃப்ட் மாதிரி மாட்களை எழுதினவங்க சேர்ந்து 2011-ல் 'ஃபோர்ஜ்' ஆரம்பிச்சாங்க. விளையாட்டோட கோடை ஒரே ஒரு தடவை நாங்க திருத்துறோம், அங்கங்கே கொக்கி மாட்டி வைக்கிறோம், மத்த எல்லாரும் அந்தக் கொக்கியில தொங்கிக்குங்கன்னு. எம்சிபி வச்ச பேர்கள் மேல தான் ஃபோர்ஜ் நின்னது. பேர் வச்சவங்க ஒருநாள் லீவு போட்டா நூத்துக்கணக்கான மாட் நின்னுடும்ங்கிற நிலைமை.

மோஜாங் கம்பெனி (நாட்ச் ஆரம்பிச்சது) இதையெல்லாம் கண்டும் காணாமல் இருந்தது. சும்மா இல்லை, லாபமும் இருந்தது. 2011 ஜூன்ல பீட்டா 1.7-ல் வந்த பிஸ்டன் முதல்ல ஒரு ரசிகர் எழுதின மாட். 2013-ல் 1.6-ல் வந்த குதிரை, மோ கிரீச்சர்ஸ் மாட் எழுதினவரோட உதவியில வந்தது. கோட்டைச் சுவர்ல ஓட்டை போட்டவனையே கூப்பிட்டுக் கோபுரம் கட்டச் சொன்ன மாதிரி. சர்ஜ் கூடப் பின்னாளில் மோஜாங்கிலேயே வேலைக்குச் சேர்ந்தார்.

2011 ஏப்ரல்ல நாட்ச் இன்னொரு வாக்கும் கொடுத்தார். மாட் எழுதுறவங்க பதிவு பண்ணிக்கிட்டு, உரிம ஒப்பந்தத்துக்குச் சம்மதிச்சா, பேர் மறைக்காத மூலநிரலையே நேரா கொடுக்கிறோம்னு. அதுக்குக் கட்டணம் உண்டுன்னு முதல்ல சொல்லி, சத்தம் வந்ததும் அதைக் கைவிட்டார். திட்டமும் நடக்கவே இல்லை. மாட்களுக்குன்னு தனி ஏபிஐ தர்றோம்னு அப்புறம் சொன்னாங்க. அதுவும் வரலை. வந்திருந்தா நான் இப்போ சொல்லப் போற கூத்து நடந்திருக்காதுன்னு நினைக்கிறேன்.

எது தப்பு, எது தப்பில்லை

அதுக்கு முன்னாடி ஒரு சின்ன சட்டப் பாடம். கொட்டாவி விடாதீங்க, சீக்கிரம் முடிச்சிடறேன்.

அடுத்தவன் நிரலை உடைச்சுப் பார்க்கிறதே திருட்டா? 1992-ல் அமெரிக்காவுல சேகா கம்பெனி அக்கலேடு கம்பெனி மேல போட்ட வழக்கு பிரபலம். சேகாவோட ஜெனிசிஸ் விளையாட்டுப் பெட்டியில ஓடுற மாதிரி விளையாட்டு எழுதணும்னு, சேகா கேட்ரிட்ஜ்களை உடைச்சுப் படிச்சது அக்கலேடு. மேல்முறையீட்டு நீதிமன்றம், வேற வழியில்லாதப்போ உள்ளே எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுக்க உடைச்சுப் பார்க்கிறது நியாயமான பயன்பாடு தான்னு சொல்லிடுச்சு. ஐரோப்பாவுல 1991-லேயே, ஒண்ணோட ஒண்ணு சேர்ந்து இயங்க வைக்கிறதுக்காக டீகம்பைல் பண்ண வரம்புக்கு உட்பட்ட அனுமதி உண்டு. நம்ம இந்தியக் காப்புரிமைச் சட்டத்துல கூட 1999 திருத்தத்துல அந்த மாதிரி ஒரு விலக்கு சேர்த்தாங்க.

ஆக, படிக்கிறது ஒண்ணு. படிச்சதை அச்சடிச்சு ஊருக்கு விநியோகம் பண்றது வேறொண்ணு. எம்சிபி இந்தக் கோட்டைத் தெளிவா பிடிச்சுக்கிச்சு. அவங்க மூட்டைக்குள்ள மோஜாங்கோட கோடு கிடையாது. ஸ்கிரிப்ட், பேட்ச், பேர்ப் பட்டியல் மட்டும் தான். விளையாட்டை நீயே காசு கொடுத்து வாங்கு, உன் வீட்டுல வச்சு நீயே உடைச்சுக்கோ. உடைச்சதை வெளியில கொடுக்காதே.

பக்கெட் உடைஞ்ச கதை

எல்லாரும் அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கலை.

நாலு பேர் சேர்ந்து விளையாடணும்னா சர்வர் வேணும். மோஜாங் கொடுத்த சர்வர்ல ஒரு வசதியும் இருக்காது. வந்து வீட்டை இடிச்சிட்டுப் போறவனைத் தடுக்கக் கூட வழியில்லை. முதல்ல 'ஹெச்மாட்'ன்னு ஒண்ணு இருந்தது. அதுக்கப்புறம் 2010 டிசம்பர்ல 'பக்கெட்' ஆரம்பிச்சாங்க. ரெண்டு பகுதி. பக்கெட்ங்கிறது வெறும் ஏபிஐ, பிளக்இன் எழுதுறவங்களுக்கான கதவு. கிராஃப்ட்பக்கெட்ங்கிறது அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கிற வீடு. மோஜாங் சர்வரை உடைச்சு, பேர் மாத்தி, திருத்தி, அவங்க கோடோட கலந்து, ஒரே ஜார் கோப்பா எல்லாருக்கும் கொடுத்தாங்க. பக்கெட்டுக்கு ஜிபிஎல் உரிமம், கிராஃப்ட்பக்கெட்டுக்கு எல்ஜிபிஎல்.

என்ன பிரச்சினைன்னு கவனிச்சீங்களா? இந்த உரிமங்களோட அடிப்படையே, சேர்த்துக் கொடுக்கிற மூலநிரலை அதே உரிமத்துல எல்லாருக்கும் கொடுக்கணும்ங்கிறது தான். ஆனா உள்ளே இருந்ததுல பெரும்பங்கு மோஜாங்கோடது. அடுத்தவன் நிலத்துல வீட்டைக் கட்டி, அதுக்கு நாமளே பட்டா எழுதி, ஊருக்கெல்லாம் பங்கு கொடுத்த மாதிரி.

நிலத்துக்காரன் ஒண்ணும் சொல்லலை. சொல்லாதது மட்டும் இல்லை, 2012 பிப்ரவரியில பக்கெட் குழுவோட முக்கியமான நாலு பேரை மோஜாங் வேலைக்கே எடுத்துக்கிச்சு. எல்லாரும் கை தட்டினாங்க. அடுத்தது அதிகாரபூர்வ ஏபிஐ தான்னு பேசிக்கிட்டாங்க. அதுக்குள்ள சின்னதும் பெரிசுமா ஏகப்பட்ட சர்வர்கள் பக்கெட்லயோ, அதுல இருந்து பிரிஞ்ச 'ஸ்பிகாட்'லயோ தான் ஓடிக்கிட்டு இருந்தது. அந்த நாலு பேர் போன பிறகு வேலையை இழுத்துட்டுப் போனவங்க எல்லாம் தன்னார்வலர்கள். சம்பளம் கிடையாது.

2014 ஆகஸ்ட்ல கிளைமாக்ஸ். சர்வர்ல காசு பண்றது பத்தின விதிமுறையை மோஜாங் அந்த வருஷம் கறாராக்கியிருந்தது. அந்தச் சூட்டோட, பக்கெட் திட்டத்தை நடத்திக்கிட்டு இருந்தவர், களைச்சுப் போய், இதோட நிறுத்திக்கிறோம்னு அறிவிச்சார். அதுக்கு மோஜாங் பக்கத்துல இருந்து வந்த பதில் தான் குண்டு. நிறுத்துறதுக்கு நீங்க யார், பக்கெட்டை நாங்க ரெண்டு வருஷம் முன்னாடியே வாங்கிட்டோமே! அந்த நாலு பேரை எடுத்தப்பவே திட்டமும் எங்களுக்கு வந்துடுச்சுன்னாங்க. 1.8-க்கு நாங்களே புதுப்பிக்கிறோம்னாங்க.

தன்னார்வலர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? ரெண்டு வருஷமா ஊர்க் கோயில்னு நினைச்சு வெள்ளையடிச்சுக்கிட்டு இருந்தா, அது தனியார் கல்யாண மண்டபம்னு இப்போ சொல்றாங்க.

செப்டம்பர் முதல் வாரம், திட்டத்துக்கு மிக அதிகமா எழுதினவங்கள்ல ஒருத்தர், அமெரிக்கக் காப்புரிமைச் சட்டப்படி நீக்கல் நோட்டீஸ் அனுப்பினார். வாதம் எளிமை. என் கோடை எல்ஜிபிஎல் உரிமத்துல தான் கொடுத்தேன். நீங்க அதை மோஜாங்கோட மூடின கோடோட கலந்து விநியோகிக்கிறீங்க. மோஜாங் தன் மூலநிரலை அந்த உரிமத்துல கொடுக்கத் தயாரா? இல்லைன்னா என் கோடை விநியோகிக்க உங்களுக்கு அனுமதி இல்லை. எங்க சர்வர் நிரலை ஜிபிஎல்லுக்குள்ள சேர்க்க நாங்க எப்பவும் அனுமதி கொடுத்ததில்லைன்னு மோஜாங் பதில் சொல்லிடுச்சு. முடிஞ்சது. கிராஃப்ட்பக்கெட் இறக்கப்பட்டது, அதைச் சார்ந்த ஸ்பிகாட்டும் கூடவே. நாலு வருஷ உழைப்பு, பதிவிறக்கச் சுட்டியை அழுத்தினா நோட்டீஸ் தான் வரும். அடுத்த ரெண்டு வாரத்துக்குள்ள, செப்டம்பர் 15 அன்னிக்கு, மைக்ரோசாஃப்ட் 250 கோடி டாலருக்கு மோஜாங்கை வாங்குறதா அறிவிச்சது வேற. வதந்திக்குக் கேட்கணுமா.

நோட்டீஸ் அனுப்பினவரை அப்போ திட்டாத ஆள் இல்லை. கிராமத்தையே கொளுத்திட்டான்னாங்க. எனக்கு அவர் மேல பெரிசா கோபம் வரலை. அவர் கிழிச்சது பொய்ப் பட்டாவை. அது பொய்ப் பட்டான்னு நாலு வருஷம் தெரிஞ்சும் வாயைத் திறக்காமல், வேலை மட்டும் வாங்கிக்கிட்ட நிலத்துக்காரன் மேல தான் வருது. ஒரு வரி உரிமம் எழுதிக் கொடுத்திருந்தா போதும். கம்பெனிகளோட 'கண்டுக்காம விடுறது' இருக்கே, அது அனுமதி மாதிரியே இருக்கும், ஆனா அனுமதி இல்லை.

ஸ்பிகாட் ஆளுங்க மூணு மாசத்துல திரும்பி வந்தாங்க. எப்படி? எம்சிபி ஆரம்பத்துல இருந்து பண்ணின அதே வழி. அந்த நவம்பர்ல 'பில்ட்டூல்ஸ்'ன்னு ஒரு கருவி. ஜார் கோப்பு எதுவும் நாங்க தர மாட்டோம். இந்தக் கருவியை உன் கணினியில ஓட்டு. அது மோஜாங் தளத்துல இருந்து அசல் சர்வரை இறக்கி, ஃபெர்ன்ஃபிளவரால உடைச்சு, எங்க பேட்ச்களை ஒட்டி, உன் வீட்டுலயே கம்பைல் பண்ணித் தரும். ஒவ்வொரு சர்வர்காரரும் வீட்டுல தனித்தனியா மாவாட்ட ஆரம்பிச்சாங்க. சிரிப்பா இருக்கு, ஆனா சட்டப்படி அது தான் வழி.

உண்மையான பேர்

அதுக்கப்புறம் நடந்ததை வேகமா சொல்லிடறேன். எம்சிபி பேர்களோட உரிமமும் கொஞ்சம் இறுக்கமானது தான். அதனால 'ஃபேப்ரிக்'னு புதுசா வந்த கூட்டம் 'யார்ன்'ங்கிற பேர்ப் பட்டியலை ஆரம்பத்துல இருந்து மறுபடி எழுதி, யார் வேணா எப்படி வேணா பயன்படுத்தலாம்னு விட்டாங்க. அதாவது ஒரே கோடுக்கு ரெண்டு கூட்டம், ரெண்டு செட் பேர்.

2019 செப்டம்பர்ல மோஜாங்கே பேர்ப் பட்டியலை வெளியிட்டது! ஒவ்வொரு பதிப்போடும், இந்த ஏ எங்க அலுவலகத்துல இந்தப் பேர், இந்த பி இந்தப் பேர்ன்னு ஒரு கோப்பு. கோடு இன்னும் மறைச்சுத் தான் வரும், ஆனா சாவி பக்கத்துலயே தொங்கும்.

எனக்குப் பிடிச்ச இடம் இது தான். ஒன்பது வருஷமா ஊகிச்சவங்க விடைத்தாளைப் பார்க்கிறாங்க. துப்பறியும் சாம்புகள் 'வேர்ல்ட்'ன்னு பேர் வச்ச கிளாஸுக்கு உண்மையான பேர் 'லெவல்'. 'டைல் என்டிட்டி'ன்னு வச்சதுக்கு 'பிளாக் என்டிட்டி'. 70071-க்கு 'ஆன் அப்டேட்'ன்னு வச்சாங்களே, அது உள்ளே வெறும் 'டிக்'. அர்த்தத்துல தப்பு கிடையாது, எல்லாம் சரியாத் தான் கண்டுபிடிச்சிருந்தாங்க. பேர் தான் வேற. பல பேருக்கு அசல் பேர் தான் தப்பா தெரிஞ்சது. உலகத்தைப் போய் எவனாவது லெவல்னு சொல்லுவானான்னு புலம்பினாங்க. பெத்தவங்க வச்ச பேரை விட, தெருவுல கூப்பிட்ட பேர் தானே ஒட்டும்.

அதுலயும் ஒரு வேடிக்கை. யார்ன் கூட்டத்துல பேர் வைக்கிறவங்க மோஜாங் பட்டியலைப் பார்க்கக் கூடாதுன்னு விதி. பார்த்து எழுதினா காப்பி, உரிமம் கெட்டுடும். விடைத்தாள் மேசை மேலயே இருக்கு, கண்ணை மூடிக்கிட்டுப் பரீட்சை எழுதினாங்க. ஃபோர்ஜ் பக்கம் 2021-ல் 1.17 பதிப்போட அதிகாரபூர்வப் பேர்களுக்கு மாறிடுச்சு. எம்சிபியோட பேர் வைக்கிற வேலை அதோட ஓய்ஞ்சது.

2025 அக்டோபர் கடைசியில மோஜாங் இன்னொரு அறிவிப்பு விட்டது. ஜாவா பதிப்புல இனிமே பேர் மறைக்கப் போறதே இல்லை. அந்த வருஷ டிசம்பர்ல வந்த 1.21.11 தான் மறைச்சு வர்ற கடைசிப் பதிப்பு. அடுத்ததுல இருந்து டீகம்பைல் பண்ணினா நேரா 'லெவல்', 'டிக்'ன்னு வரும். விநியோகிக்கக் கூடாதுங்கிற விதிமுறை அப்படியே தான் இருக்கு. திறந்த மூலம் ஆயிடலை, நாட்ச் கொடுத்த முதல் வாக்கு இன்னும் பாக்கி. யார்ன் கூட்டமும் 1.21.11-க்கு மேல பட்டியலைத் தொடரலைன்னு சொல்லிட்டாங்க. பேர் வைக்க எதுவும் மிச்சமில்லையே.

ஆனா பழைய பதிப்புகளைத் தேடிப் பிடிச்சு இன்னும் விளையாடுறவங்க ஏராளம். 1.7.10, 1.12.2 ரெண்டுலயும் வந்த பெரிய மாட்கள்ல பல, புதுப் பதிப்புக்கு வரவே இல்லை. அந்த ஜார் கோப்புக்குள்ள இன்னிக்கும் ஏ, பி, சி தான். ஃபோர்ஜோட 1.12.2 விளையாட்டை ஒருத்தர் தொடங்கும்போது, தலைப்புத் திரை வர்றதுக்கு முன்னாடியே பின்னால ஒரு வேலை நடக்கும். அந்த ஏ, பி, சி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்து, சர்ஜ் எண்ணுக்கு மாத்தி, அதுக்கப்புறம் தான் ஓட விடும். 'ஃபங்க் 70071 ஹெச்' விநாடிக்கு 20 தடவை, ஒவ்வொரு கோழிக்கும் ஒவ்வொரு பன்னிக்கும் தனித்தனியா, ஓட ஆரம்பிக்கும்.

டிஸ்கி: இதைப் படிச்சிட்டு ஆபீஸ் பொட்டியில கிளையன்ட்டோட ஜார் கோப்பை ஃபெர்ன்ஃபிளவர்ல போட்டு ஹெச்ஆர்கிட்ட மாட்டினீங்கன்னா, நான் உங்களைப் பார்த்ததே இல்லை.